நித்தியகல்யாணி

மதுரை மாநகரின் வீட்டு முற்றங்களிலும், நகரைச் சூழ்ந்த சமவெளியிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் செடி நித்தியகல்யாணி. நாள்தோறும் மலர்வதனால் அதற்கு இப்பெயர் வாய்த்தது. சுடுகாட்டுமல்லி என்பாரும் உளர். மழை பொய்த்தாலும் அஃது எளிதில் வாடாது. இலை கசப்பும் நச்சுத்தன்மையும் உடையதாகையால் ஆடுமாடுகளும் அதனை விரும்பா.

நம் மண்ணில் இத்துணை இயல்பாக வளரினும், இது நம் நாட்டுச் செடியன்று. ஆப்பிரிக்காவின் கிழக்கே இந்துமாக்கடலிலுள்ள மடகாஸ்கர் தீவே இதன் தாயகம். அங்கிருந்து வெப்ப நாடுகள் பலவற்றிற்கும் பரவிய இதனை, நீரிழிவைத் தணிக்கும் மூலிகை என்று பல நாட்டு மக்களும் கருதி வந்தனர்.

அக்கருத்து உண்மைதானா? 1952ஆம் ஆண்டில் ஜமைக்காத் தீவிலிருந்து இதன் இலைகள் கனடா நாட்டிற்கு அனுப்பப்பெற்றன. மேற்கு ஒண்டாரியோப் பல்கலைக்கழக அறிஞர் இராபர்ட் நோபிள் அவற்றின் சாற்றை எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்திலுள்ள சர்க்கரை குறையவில்லை. ஆனால், சாறு ஊசிவழிச் செலுத்தப்பட்ட எலிகள் சில நாட்களில் நோய்த்தொற்றினால் இறந்தன. காரணம் யாதென ஆராய்ந்தபோது, நோயை எதிர்க்கும் வெள்ளணுக்கள் அவற்றின் குருதியில் பெரிதும் குறைந்திருந்தமை புலப்பட்டது.

எதிர்பார்த்த பயன் இல்லையென்று அவர் செடியை எறிந்துவிடவில்லை. வெள்ளணுக்கள் அளவிறந்து பெருகுவதே இரத்தப் புற்றுநோய். அவற்றைக் குறைக்கும் பொருள் அந்நோய்க்கு மருந்தாகலாம் அன்றோ? நோபிளும் சார்லஸ் பீர் என்னும் வேதியியல் அறிஞரும் அப்பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் உலகிற்கு அறிவித்தனர். அதுவே வின்பிளாஸ்டின். பின்னர், அமெரிக்க மருந்து நிறுவனம் ஒன்றில் பணியாற்றிய கார்டன் ஸ்வோபோடா இச்செடியிலிருந்தே வின்கிரிஸ்டின் என்னும் மற்றொரு பொருளைப் பிரித்தார். விலங்குகளிலும், பின்னர் நோயாளிகளிடத்தும் சோதித்த பிறகு, 1963இல் அமெரிக்க அரசு அதனை மருந்தாக ஏற்றது.

உயிரணு ஒன்று இரண்டாகப் பிரியும்போது அதனுள் நுண்ணிய இழைகள் தோன்றும். இம்மருந்துகள் அவ்விழைகள் உருவாகாமல் தடுக்கின்றன. ஆகவே, விரைந்து பெருகும் புற்றணுக்கள் பிரிய இயலாமல் மடிகின்றன. முன்பு இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுள் பெரும்பாலோர் சில திங்களிலேயே இறந்தனர். இன்று வின்கிரிஸ்டினைப் பிற மருந்துகளோடு சேர்த்துத் தருவதனால், நல்ல மருத்துவம் கிடைக்கும் இடங்களில் பெரும்பாலோர் பிழைக்கின்றனர்.

ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை வேண்டும். தமிழகத்தின் தென்மாவட்டங்களில் மானாவாரி நிலத்தில் பயிரிடப்பட்ட இச்செடியின் இலையும் வேரும் மருந்திற்காக அயல்நாடுகளுக்கு அனுப்பப்பட்டதுண்டு.

ஆயினும், இலையைப் பறித்துத் தாமே உண்பது பெருந்தீங்கு விளைக்கும். எலிகளைக் கொன்ற நஞ்சும் குழந்தைகளைக் காக்கும் மருந்தும் ஒரு செடியிலேயே உள்ளன. எப்பொருளை, எந்நோய்க்கு, எவ்வளவு தருதல் தகும் என்பதைச் சோதனையே காட்டும். முன்னோர் சொல்லை இகழாது ஏற்று, ஆராய்ந்து தெளிதலே அறிவுடைமையாகும்.