உங்களுக்குத் தெரியுமா? கட்டிலின் பக்கக் கம்பியும் ஆபத்தாகலாம்!

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் ஆயுள் முழுவதும் தரையில் பாய் விரித்தே உறங்கிப் பழகிய ஒருவர், வயோதிக காலத்தில் முதியோர் இல்லத்தின் உயர்ந்த இரும்புக் கட்டிலுக்கு மாற்றப்படுவாராயின், அவர் விழாமல் காக்கும் என்று நாம் நம்பிப் பொருத்தும் பக்கக் கம்பிகளே அவருடைய பிராணனுக்கு அபாயமாகக்கூடும். அமெரிக்காவில் 1985-க்கும் 2009-க்கும் இடையே, இத்தகைய கம்பிகளுள்ள கட்டில்களில் நோயாளிகள் சிக்கிக்கொண்டதாக உணவு, மருந்து நிர்வாகத்துக்கு எட்டிய 803 சம்பவங்களில் 480 பேர் மாண்டனர். அகப்பட்டோரில் பெரும்பாலோர் தேகம் தளர்ந்தோரும், முதியோரும், சித்தம் கலங்கியோருமே. தலை நுழைந்து சிக்காதிருக்க, கம்பிகளின் இடைவெளி 12 சென்டிமீட்டருக்குக் குறைவாயிருத்தல் அவசியமென 2006-இல் அந்நிர்வாகம் வழிகாட்டியது. இல்லம் நடத்தும் அன்பர்களே, கட்டிலைத் தரைக்கு நெருக்கமாகத் தாழ்த்தி, சக்கரங்களைப் பூட்டி, மெத்தைக்கும் கம்பிக்கும் நடுவேயுள்ள இடைவெளியையும் இன்றே அளந்து பாருங்கள்.