கூடைப்பந்தும் முழங்காலும்

கொழும்பிலிருந்து புத்தளம் நோக்கிச் செல்லும் பெருவீதி மகா ஓயாவைக் கடந்ததும், தென்னந்தோப்புகள் அடர்ந்த கரையோரம் தொடங்குகின்றது. வென்னப்புவ, மாரவில, சிலாபம் ஆகிய ஊர்களிலே தேவாலயமும், அதன் அயலிற் பாடசாலையும், அப்பாடசாலையிற் கூடைப்பந்துத் தளமும் காணப்படுதல் புதுமையன்று. இலங்கையிற் கூடைப்பந்து என்றதும் வென்னப்புவவை நினையாதார் சிலரே. அங்கு பெண்களும் ஆண்களுக்குச் சளையாது ஆடுகின்றனர்.

இவ்வாட்டத்தில் அஞ்சத்தக்க காயம் மோதுவதனால் மாத்திரம் வருவதன்று. ஒருத்தி துள்ளிப் பந்தைப் பற்றி, ஒற்றைக் காலில் இறங்கி, உடலைச் சடுதியாகத் திருப்புகின்றாள். ஒருவரும் அவளைத் தீண்டவில்லை. ஆயினும் முழங்காலினுள் ஏதோ அறுந்தது போன்ற ஓர் ஒலி. சில மணி நேரத்துள் மூட்டு வீங்கிவிடுகின்றது. எண்ணெய் பூசிக் கட்டுப் போடுகின்றனர். மூன்று வாரத்தில் வீக்கம் வற்றுகின்றது, அவளும் நடக்கின்றாள். சுளுக்கு நீங்கிற்று என எல்லாரும் மகிழ்கின்றனர். இடர் அங்கேதான் இருக்கின்றது.

தொடையெலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் மூட்டின் நடுவே பிணைத்து நிற்பது குறுக்குத் தசைநார். ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் நீளமுள்ள இச்சிறு நாரே, கீழ்க்கால் முன்னோக்கி நழுவாமலும் முறுகாமலும் காக்கின்றது. அறுந்தால் அது தோற்காயம் போல எளிதிற் கூடுவதில்லை. மூட்டிலுள்ள நீர் அறுந்த முனைகளுக்கிடையே இரத்தம் உறைந்து நிற்க விடுவதில்லை. நேர்வழியில் நடப்பதற்கு அந்நார் பெரிதும் வேண்டியதில்லை. துள்ளவும் திரும்பவுமே அது வேண்டும். ஆகவே நடை சரியாயிற்று என்று களத்தில் இறங்கியவளின் முழங்கால் மறுபடி பிசகுகின்றது; எலும்புகளுக்கிடையேயுள்ள குருத்தெலும்புத் தகடும் கிழிகின்றது. கூடைப்பந்தில் இக்காயம் ஆண்களினும் பெண்களுக்கு ஏறத்தாழ 3 மடங்கு கூடுதலாக நேர்கின்றது.

சத்திர வைத்தியர் அவளுடைய தொடையின் பின்புறத்திலிருந்தோ முழங்காற் சில்லின் கீழிருந்தோ நாரெடுத்து, எலும்பிலே துளையிட்டுப் பொருத்துவர். அது நட்ட நாற்றுப் போன்றது. முதலில் அதற்குக் குருதியோட்டமே இல்லை. புதுக் குருதிக்குழாய்கள் அதனுள் வளரும் தொடக்க மாதங்களில் அது முன்னிலும் நலிவடைகின்றது. நோவு தணிந்து, 'இனி ஆடலாம்' என்று மனம் துடிக்கும் காலமும் அதுவே! நோர்வேயின் ஒஸ்லோவிலும் அமெரிக்காவின் டெலவெயரிலும் நடத்தப்பெற்று 2016இல் வெளிவந்த ஆய்வொன்று, ஒன்பதாம் மாதம் வரையில், களம் திரும்புதலைத் தள்ளிவைக்கும் ஒவ்வொரு மாதமும் மறுகாயத்தை ஏறத்தாழப் பாதியாகக் குறைத்ததெனக் கண்டது.

இவ்விளையாட்டு பிறந்த அமெரிக்காவில், கல்லூரி ஆட்டக்காரி ஒருத்தியின் வரலாறு இதனை நன்கு விளக்கும். கனெற்றிக்கட் பல்கலைக்கழகத்துப் பெய்ஜ் பெக்கர்ஸ் முதலாண்டிலேயே நாட்டின் தலைசிறந்த கல்லூரி ஆட்டக்காரியெனத் தெரிவானவர். 2021 டிசம்பரில் அவரது இடது முழங்காலிற் காயம். 2022 பெப்ரவரியில் மீண்டார். அவ்வாண்டு ஆகஸ்டில் அதே முழங்காலின் குறுக்குத் தசைநார் அறுந்தது. இம்முறை ஓர் ஆட்டப் பருவம் முழுவதையும் விட்டுவிட்டு, 2023 நவம்பரிலேயே களம் புகுந்தார். 2025 ஏப்ரலில் அவரது அணி தென் கரோலைனாவை 82க்கு 59 என வென்று நாட்டுப் பட்டம் பெற்றது. அப்போட்டித் தொடரின் இறுதிக் கட்டத்தில் சிறந்த ஆட்டக்காரியெனத் தெரிவான அஸி ஃபட்டும் இதே நார் இருமுறை அறுந்து மீண்டவரே.

எல்லாருக்கும் அத்தகைய வசதி வாய்ப்பதில்லை. பாடசாலை மாணவிக்கு ஒரு பருவம் போனால் வயதெல்லையே கடந்துவிடலாம். அவளை அவசரப்படாதே என்பது எளிதன்று. எனினும் செய்ய வேண்டியவற்றுட் பெரும்பகுதிக்கு விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. முதலில் முழங்காலை முற்றாக நீட்டப் பழகுதல், பின்னர் வாடிய தொடைத் தசையைத் தேற்றுதல், துவிச்சக்கரவண்டி மிதித்தல், சில மாதங்களின் பின் நேராக ஓடுதல், அதன் பின்னரே துள்ளலும் திரும்பலும். இறுதியில், ஒற்றைக் காலால் எவ்வளவு தூரம் தாண்டுகின்றாள் என்பதை அளவுநாடாவால் அளப்பர். காயமுற்ற கால் மற்றக் காலின் நூற்றுக்கு 90 பங்கையேனும் எட்டுதல் வேண்டும். எட்டாவிடின், அடுத்த மாதம் மறுபடியும் அளப்பர்.