துருவை ஓட்டும் மணற்காற்று
(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. இயற்பியல்)

இரும்பு இருக்குமிடத்தில் துருவும் இருக்கும். காவிரிக் கரையில் வாழும் நமக்கு இது புதிய செய்தியன்று. மண்வெட்டியை ஓர் இரவு மழையில் விட்டுவிட்டால் மறுநாள் காலையில் அது செம்மண் பூசியதுபோல் கிடக்கும். மண்வெட்டி நாலு நாள் மண்ணில் புழங்கினால் மறுபடி பளபளத்துவிடும். ஆனால் நாற்பது ஆண்டுகள் ஓடிய ஒரு மோட்டார் காரின் உடலில், ஐந்தாறு அடுக்குப் பெயிண்டுக்கும் பட்டிக்கும் அடியில் ஒளிந்து பரவியிருக்கும் துருவை எப்படி எடுப்பது? சுவாமிமலையில் என் தாய்மாமன் டிங்கரிங் வேலை பார்க்கும் பட்டறைக்குப் பழைய அம்பாசிடர் கார்கள் புதுப்பிக்க வருகின்றன. அங்கே கண்டதையும் வகுப்பில் படித்ததையும் சேர்த்து இக்கட்டுரையை எழுதுகிறேன்.

அழுத்தப்பட்ட காற்றில் மணலையோ வேறு கடினமான பொடியையோ கலந்து, ஒரு சிறு குழல்முனை வழியாகப் பீய்ச்சி அடிப்பதே மணல்வீச்சு முறை. பட்டறையில் ‘பிளாஸ்டிங்’ என்பார்கள். இதற்கு 1870-ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றவர் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரைச் சேர்ந்த பெஞ்சமின் சூ டில்மன். பாலைவனத்து மணற்காற்று ஜன்னல் கண்ணாடியை மங்கவைப்பதைப் பார்த்து அவருக்கு இந்த எண்ணம் தோன்றியதாகக் கதை சொல்வார்கள். கதை உண்மையோ இல்லையோ, இயற்கை பல்லாயிரம் ஆண்டுகளாகப் பாறைகளில் செய்துவரும் வேலையை மனிதன் ஒரு ரப்பர் குழாய்க்குள் அடக்கிவிட்டான் என்பது உண்மை.

சிறிய மணலுக்கு இவ்வளவு வலிமை எங்கிருந்து வருகிறது? கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணல் துகளின் எடை ஏறக்குறைய 0.17 மில்லிகிராம். அது குழல்முனையிலிருந்து வினாடிக்கு 100 மீட்டர் வேகத்தில் புறப்படுவதாகக் கொண்டால், அதன் இயக்க ஆற்றல் ஒரு ஜூலில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவு. ஒரு கிராம் எடையுள்ள கூழாங்கல்லை ஒன்பது சென்டிமீட்டர் உயரத்திலிருந்து போட்டால் கிடைக்கும் ஆற்றல்தான் இது. இதுதானா என்று தோன்றும். ஆனால் அந்த ஆற்றல் முழுவதும் ஊசிமுனையளவு இடத்தில் இறங்குகிறது. மேலும் ஒரு கிலோ மணலில் இப்படி ஐம்பத்தெட்டு லட்சம் துகள்கள் இருக்கின்றன. துகளின் விட்டம் இரு மடங்கானால் எடையும் ஆற்றலும் எட்டு மடங்காகும். வேகம் பாதியானால் ஆற்றல் கால் பங்காகிவிடும். ஆகவே எந்தப் பொடி, எவ்வளவு அழுத்தம் என்ற இரண்டையும் கையாளத் தெரிந்தவனே இதில் தேர்ந்தவன்.

துரு நொறுங்கும் இயல்புடையது. அடி விழுந்ததும் விரிசல் கண்டு உதிர்ந்துவிடும். காய்ந்து முற்றிய பழைய பெயிண்டும் அப்படியே. ஆனால் காரின் அடிப்பகுதியில் பூசியிருக்கும் தார் போன்ற மெத்தென்ற பூச்சின்மேல் மணல் பட்டால் பந்துபோல் துள்ளித் திரும்பும். கல்லறைக் கல்லில் மணல்வீச்சால் எழுத்து வெட்டுகிறவர்கள், வெட்டக்கூடாத இடத்தை ரப்பர் தாளால் மூடிவைப்பது இந்தக் காரணத்தால்தான். கல்லை அரிக்கும் மணல் ரப்பரிடம் தோற்றுப்போகிறது! எனவே காரின் அடியில் உள்ள தார்ப்பூச்சை முதலில் சுரண்டியால் எடுத்துவிட்டுத்தான் மணலடிக்க வேண்டும்.

இனி, கார் பிரியர்கள் பலர் பணத்தை இழக்கும் இடத்துக்கு வருவோம். 1950-களின் இறுதியில் தொடங்கி 2014-இல் நின்றுபோன அம்பாசிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வழிவந்தது. அதற்கு லாரியைப்போல் தனிச் சட்டம் கிடையாது. பற்றவைத்த தகட்டு உடலே சட்டமாகவும் நிற்கிறது. அந்தத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டரை ஒட்டியது. பானெட், கூரை, கதவுத் தகடு ஆகிய பரந்த இடங்களில் முழு அழுத்தத்தில் மணலடித்தால் தகடு அப்பளம்போல் நெளிந்துவிடும். சூட்டினால் நெளிகிறது என்றே பட்டறைகளில் பெரும்பாலும் சொல்கிறார்கள். முக்கியக் காரணம் சூடு அன்று. ஒவ்வொரு துகளும் தகட்டின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத ஒரு குழியை உண்டாக்கி, அவ்விடத்து இரும்பைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. லட்சக்கணக்கான குழிகள் சேர்ந்ததும் மேற்பரப்பு விரிய முயல்கிறது, கீழ்ப்பரப்போ விரிவதில்லை. ஆகவே தகடு அடிபட்ட பக்கம் புடைத்துக்கொள்கிறது.

இந்த வளைவையே அளவுகோலாக்கினார் ஒருவர். ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனியில் பணிபுரிந்த ஜான் ஆல்மென் என்பார், 1940-களில், ஒரு சிறிய எஃகுப் பட்டையை வீச்சில் காட்டி அது எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு வீச்சின் கடுமையை அளந்தார். இன்றும் ‘ஆல்மென் பட்டை’ என்றே அதற்குப் பெயர். லாரியின் பட்டை வில்களின்மேல் எஃகுக் குண்டுகளை வேண்டுமென்றே வீசி அவற்றின் ஆயுளைக் கூட்டுகிறார்கள். வில்லுக்கு உரமாகும் அதே அடிதான் பானெட்டைக் கெடுக்கிறது. பரந்த தகடுகளுக்குக் குறைந்த அழுத்தம், நுண்ணிய பொடி, சாய்ந்த கோணம், ஒரே இடத்தில் நிற்காத கை ஆகியவை வேண்டும். எங்கள் பட்டறையில் கூரைக்கும் பானெட்டுக்கும் மணல் கிட்டவே போவதில்லை. பெயிண்ட் ரிமூவர் தடவிச் சுரண்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதோடு சரி. சக்கர வளைவு, தரைத்தகட்டின் அடிப்பக்கம், கதவுக்குக் கீழுள்ள பெட்டிப்பகுதி, டிக்கியின் அடி ஆகிய மூலைமுடுக்குகளே மணல்வீச்சுக்கு உரியவை. கை நுழையாத அந்த இடங்களில்தான் துருவும் குடியிருக்கிறது.

நம் ஊர்க் காற்றின் ஈரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். நிமிடத்துக்கு 100 கன அடி காற்றை இழுக்கும் ஒரு கம்ப்ரசர், அடைமழைக் காலத்தில் காற்றோடு சேர்த்து நீராவியையும் விழுங்குகிறது. காற்றை எட்டில் ஒரு பங்காக நெருக்கிக் குளிரவிட்டால், அந்த ஆவியில் பெரும்பங்கு நீராகிவிடும். 30 டிகிரி வெப்பமும் நூற்றுக்கு எண்பது ஈரப்பதமும் உள்ள ஒரு நாளுக்குக் கணக்கிட்டேன். மணிக்கு மூன்று லிட்டருக்குக் குறையாத நீர்! இதைப் பிரித்து வடிக்காவிட்டால் மணல் குழாயிலேயே கட்டிப்பிடித்துக்கொள்ளும். தகட்டின்மேலும் ஈரம் தெளிக்கும். மணலடித்த இரும்பு சாம்பல் கலந்த வெண்மையாக, பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அது ஆடையில்லாத குழந்தை. சில மணி நேரத்திலேயே மஞ்சள் படர்ந்துவிடும். நான்கு மணி நேரத்துக்குள் பிரைமர் அடித்துவிட வேண்டும் என்பது தொழிலில் பொதுவாகச் சொல்லும் விதி. எவ்வளவு சுத்தம் போதும் என்பதற்கும் அளவுண்டு. ஸ்வீடன் நாட்டில் தோன்றி உலகத் தரமாகிவிட்ட ‘எஸ்.ஏ.’ வரிசையில், இரும்பின் படத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து எஸ்.ஏ. 2, 2½, 3 என்று சொல்கிறார்கள்.

வீசும் பொருள் மணலாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கண்ணாடி மணி, எஃகுக் குண்டு, அலுமினியம் ஆக்சைடு, வால்நட் கொட்டையின் ஓடு, பிளாஸ்டிக் துண்டு, சமையல் சோடா என்று பட்டியல் நீளும். நியூயார்க் சுதந்திர தேவி சிலையை 1986-ஆம் ஆண்டு நூற்றாண்டு விழாவுக்காகப் புதுப்பித்தபோது, இரண்டரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத அதன் செப்புத் தகட்டின் உட்பக்கத்திலிருந்த பெயிண்டைத் திரவ நைட்ரஜனால் உறையவைத்து உதிர்த்தார்கள். அதன்கீழ் இருந்த தாரைச் சமையல் சோடாவை வீசி நீக்கினார்கள். மணலடித்திருந்தால் செம்பு தேய்ந்திருக்கும். அப்படியும் சோடா ஆணித் துளைகள் வழியே வெளியே கசிந்து, சிலையின் பச்சைப் பூச்சில் கறையிட்டதாம்.

நம் தமிழ்நாட்டிலேயே இதற்கேற்ற அருமையான பொருள் உண்டு. கன்னியாகுமரி, திருநெல்வேலி, தூத்துக்குடிக் கடற்கரைகளில் இல்மனைட்டு, மோனசைட்டு முதலியவற்றோடு கலந்து கிடக்கும் செந்நிறக் கார்னெட் மணல்தான் அது. ஆற்று மணலைவிடக் கனமானது, கடினமும் குறைந்ததன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அதில் தனிச் சிலிக்கா மிகக் குறைவு.

இந்தக் கடைசிச் சொல்லுக்காகவே கட்டுரை எழுதத் துணிந்தேன். ஆற்று மணலில் பெரும்பகுதி குவார்ட்ஸ், அதாவது சிலிக்கா. வேகமாக மோதும்போது அது மாவாக உடைகிறது. கண்ணுக்குத் தெரியும் தூசி மூக்கிலும் தொண்டையிலும் தங்கிவிடும், இருமினால் வெளியேறிவிடும். தீமை செய்வது கண்ணுக்குத் தெரியாத தூசி. ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கும் அதற்குக் குறைவுமான துகள்கள் நுரையீரலின் காற்றுப்பைகள் வரை போய்விடுகின்றன. அவற்றை விழுங்கவரும் இரத்தத்தின் காவல் அணுக்கள் செரிக்க இயலாமல் மடிகின்றன. அந்த இடங்களில் தழும்பு விழுகிறது. தழும்பு கூடக்கூட மூச்சு குறையும். சிலிகோசிஸ் எனப்படும் இந்த நோய்க்கு மருந்தில்லை. காசநோய் தொற்றும் வாய்ப்பையும் இது பெருக்குகிறது. புதிதாக உடைந்த சிலிக்காவுக்கு நஞ்சு அதிகம் என்கிறார்கள். மணல்வீச்சில் பிறக்கும் தூசி முழுதும் புதிதாக உடைந்ததே அல்லவா? பழைய பெயிண்டில் ஈயம் கலந்திருந்தால் அதுவும் இத்தூசியோடு உள்ளே போகும்.

வார்ப்புகளைச் சுத்தம் செய்ய மணலை வீசுவதைப் பிரிட்டன் 1949-ஆம் ஆண்டு விதிகளால் தடுத்துவிட்டது. நம் நாட்டில் 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் சிலிகோசிஸை அரசுக்குத் தெரிவிக்கவேண்டிய நோய்களின் அட்டவணையில் சேர்த்தது. ஆனால் அச்சட்டம் தொழிற்சாலை என்று கொண்டது, மின்சக்தியோடு பத்துப்பேராவது வேலை செய்யும் இடத்தைத்தான். சாலையோரக் கொட்டகையில் மூன்று பேர் வேலை செய்தால் அவர்கள் நுரையீரல் எந்த அட்டவணையில் வரும்?

எங்கள் பட்டறையில் மணலடிக்கும்போது மாமா ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொள்வார். துண்டின் இழைகளுக்கு இடையில் அந்த நுண்தூசி தடையின்றிப் போய்வரும் என்று நான் சொன்னேன். கார்னெட் வாங்கலாம் என்றும் சொன்னேன்.

“வீடு கட்டி மிச்சமான மணலு வாசல்ல கெடக்கு. கார்னெட்டு மூட்டைக்குக் காசு போட்டா, அத யாரு மாப்ளே குடுப்பா? காருக்காரரு மொத்தமா ஒரு தொகை பேசிட்டுப் போயிடுறாரு” என்றார் மாமா.

“மணல் ஒரு அடியிலயே மாவாயிடுது மாமா. கார்னெட்டைக் கூட்டி அள்ளிச் சலிச்சா மூணு நாலு தடவ போடலாம்.”

“அப்ப நோட்டை எடுத்துக் கணக்குப் போட்டுக் காட்டு.”

போட்டுக் காட்டினேன். கீழே தார்ப்பாய் விரித்து, நாலு பக்கமும் படுதா கட்டி, சிந்தியதைச் சேகரித்தால்தான் அந்தக் கணக்குச் செல்லும்; திறந்தவெளியில் அடித்தால் செல்லாது. இப்போது ஒரு மூட்டை வாங்கிச் சக்கர வளைவுகளுக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். சலிக்கும் வேலையிலும் தூசி உண்டு என்பதால் அதைத் தண்ணீர் தெளித்துச் செய்து, பிறகு காயவைக்கிறார்கள். வெளியிலிருந்து சுத்தமான காற்றைக் குழாய் வழியே தலைக்கவசத்துக்குள் செலுத்தும் கருவிதான் சரியான காப்பு. அதன் விலை மாமாவின் பல மாதக் கூலி. அதற்கு என் நோட்டில் விடை இல்லை. காருக்காரரிடம் பேசும் மொத்தத் தொகையில்தான் இருக்கிறது.

சுவாமிமலை என்றதும் ஐம்பொன் படிமங்கள் நினைவுக்கு வரும். வார்ப்பு ஆறி, சுட்ட மண்ணைத் தட்டி உடைத்தபின், கரடுமுரடாக நிற்கும் படிமத்தின்மேல் மணலடித்தால் ஒரு மணி நேரத்தில் மினுங்குமே என்று பார்ப்பவர்கள் கேட்பதுண்டு. ஸ்தபதிகள் உளியும் அரமும் உப்புத்தாளும் கொண்டு வாரக்கணக்கில் உழைக்கிறார்கள். மணலுக்கு மூக்கும் தெரியாது, கண்ணிமையும் தெரியாது; எல்லா விளிம்பையும் ஒன்றுபோல் மழுக்கிவிடும். கல்லுக்கும் இதே கதிதான். திருப்பணியின் பெயரால் தமிழகக் கோயில்கள் சிலவற்றில் சுண்ணாம்பை எடுக்க மணலடித்ததில் கல்வெட்டு எழுத்துகள் தேய்ந்தன. எதிர்ப்பு எழுந்த பின்னரே அறநிலையத்துறை அதைக் கூடாதென்றது. நம் பக்கத்துத் தாராசுரத்தின் விரலளவுச் சிற்பங்களையும், திருவலஞ்சுழியின் கல் பலகணியையும் பார்த்தவர்கள் இதன் பொருளை உணர்வார்கள்.

உலோகத்தைத் தேய்க்காமலே அரிப்பை எடுக்கும் வழியும் ஒன்று உண்டு. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் 1930-களில் வேதியியல் அறிஞர் எஸ். பரமசிவன் பழைய செப்புத் திருமேனிகளின் அரிப்பை மின்பகுப்பு முறையால் நீக்கினார். அதே தத்துவத்தைக் காரின் கதவுக் கீல், போல்ட், தாழ்ப்பாள் போன்ற சிறு இரும்புச் சாமான்களுக்கு நாம் வீட்டிலேயே பயன்படுத்தலாம். ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் லிட்டருக்கு ஒரு கரண்டி சலவைச் சோடா கரைத்து, துருப்பிடித்த சாமானைப் பேட்டரி சார்ஜரின் எதிர்முனையிலும், ஒரு பழைய இரும்புத் துண்டை நேர்முனையிலும் இணைத்து, ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட வேண்டும். நேர்முனையில் எவர்சில்வர் கூடாது. அதிலுள்ள குரோமியம் நச்சு உப்பாகக் கரையும். ஹைட்ரஜன் வாயு கிளம்புவதால் திறந்தவெளியில் வைத்து, பீடி சிகரெட் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். சார்ஜரை நிறுத்தியபின்தான் தண்ணீரில் கைவைக்கலாம். ஓர் இரவு கழிந்தால் துரு கறுத்துப் பொருக்காகிவிடும். தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, கையோடு பிரைமர் அடித்துவிட வேண்டும்.