வேகம் குறைவது எங்கே?

நுழையும்முன்

வீட்டுக் குழாயில் நீர் மெல்லச் சொட்டினால், தெருக்குழாயைப் பார்ப்போம். மேல்நிலைத் தொட்டியைப் பார்ப்போம். குழாயின் வாயை அடைத்திருக்கும் மணலையும் பார்ப்போம். இணையம் மெதுவாகும்போது மட்டும் அவ்வாறு தேடுவதில்லை. 'நெட் சரியில்லை' என்று சொல்லிவிட்டுக் காத்திருக்கிறோம். குறை இருக்குமிடத்தைப் படிப்படியாகத் தேடிக் கண்டறியும் முறையை இப்பாடம் விளக்குகிறது.

ஓர் இறுதி நாள்

மேல்நிலைத் தேர்வை எழுதி முடித்த மாணவி ஒருத்தியின் வீட்டை எண்ணிப் பார்ப்போம். கல்லூரிச் சேர்க்கைக்கு இணையவழியில் விண்ணப்பிக்க அன்றே இறுதி நாள். சான்றிதழ்களின் படிகளைப் பதிவேற்ற அவள் மாலையிலிருந்து முயல்கிறாள். திரையில் வட்டம் சுழன்றுகொண்டே இருக்கிறது. நொடிக்கு 100 மெகாபிட் வேகம் கிடைக்கும் என்ற உறுதியின்பேரில் அவ்வீட்டார் மாதந்தோறும் கட்டணம் செலுத்துகின்றனர். "இதைவிட உயர்ந்த திட்டத்துக்கு மாறிவிடலாம்" என்கிறார் தந்தை. "வேண்டாம் அப்பா, புதிய ரவுட்டர் வாங்கினால் போதும்" என்கிறான் அண்ணன்.

இருவரும் நோயை அறியுமுன்னே மருந்தைச் சொல்கின்றனர். திருக்குறளின் 'மருந்து' அதிகாரம் மருத்துவனுக்கு ஒரு வரிசைமுறையை வகுத்துள்ளது. முதலில் நோய் இன்னதென்று அறியவேண்டும். அடுத்து அதன் காரணத்தைக் காணவேண்டும். அதன்பின்னரே தணிக்கும் வழியைத் தேடவேண்டும். அம்முறை உடலுக்கு மட்டுமன்றிக் கருவிகளுக்கும் பொருந்தும்.

ஆறு கண்ணிகள்

நாம் காணும் ஒரு பக்கமோ படமோ நம்மை வந்தடையும் வழி ஒரு சங்கிலியைப் போன்றது. தொலைவிலுள்ள வழங்கிக் கணினி அதன் முதல் கண்ணி. நகரங்களையும் கடல்களையும் கடந்து வரும் நெடுவழி இரண்டாவது. சேவை நிறுவனத்தின் நிலையத்திலிருந்து வீடுவரை வரும் ஒளியிழை மூன்றாவது. மக்கள் வழக்கில் ரவுட்டர் எனப்படும் திசைவி நான்காவது. திசைவியிலிருந்து அறைகளுக்குப் பரவும் வைஃபை என்னும் அருகலை ஐந்தாவது. நம் கையிலுள்ள திறன்பேசியோ மடிக்கணினியோ ஆறாவது. இவற்றுள் எது மிக மெதுவானதோ அதன் வேகமே முழுச் சங்கிலியின் வேகமாகும். அருகலை நொடிக்கு 10 மெகாபிட்டை மட்டுமே கடத்துமாயின், திட்டத்தை 100இலிருந்து 300ஆக உயர்த்துவதால் பயன் ஏதும் விளையாது.

ஆகவே, சங்கிலியை இடையில் பிரித்து, குறை எந்தப் பாதியில் உள்ளது என்று காண்பதே முறை. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்றவேண்டும். பலவற்றை ஒருசேர மாற்றிவிட்டால், வேகம் திரும்பினாலும் எதனால் திரும்பியது என்பது விளங்காது.

அளவை அறிதல்

தேடலுக்கு முன் அளவைப் புரிந்துகொள்ள வேண்டும். நிறுவனங்கள் வேகத்தைப் பிட் கணக்கில் கூறுகின்றன. கோப்புகளின் அளவோ பைட் கணக்கில் காட்டப்படுகிறது. 8 பிட்டுகள் சேர்ந்தது ஒரு பைட். எனவே, நொடிக்கு 100 மெகாபிட் என்பது நொடிக்கு 12.5 மெகாபைட்டாகும். 1000 மெகாபைட் அளவுள்ள திரைப்படம் முழு வேகத்தில் வந்தாலும் 80 நொடிகள் ஆகும். பதிவிறக்கத்தின்போது திரையில் '12 மெகாபைட்' என்பதைக் கண்டு, 100க்குப் பதிலாக 12தான் வருகிறது என வருந்துவோர் பலர். அங்குக் குறை ஏதும் இல்லை.

பதிவிறக்க வேகமும் பதிவேற்ற வேகமும் எல்லாத் திட்டங்களிலும் ஒன்றாக இருப்பதில்லை என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும். விண்ணப்பம் அனுப்புபவருக்குத் தேவையானது பதிவேற்ற வேகம்.

தெரியுமா?

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணையச் சேவை 1995ஆம் ஆண்டு ஆகஸ்டு 15 அன்று தொடங்கியது. 2004ஆம் ஆண்டின் அகலக்கற்றைக் கொள்கை, நொடிக்கு 256 கிலோபிட் வேகமுள்ள இணைப்பை அகலக்கற்றை என வரையறுத்தது. 2023ஆம் ஆண்டில் அவ்வரையறை குறைந்தது 2 மெகாபிட் என உயர்த்தப்பட்டது.

முதல் சோதனை

சங்கிலியைப் பிரிக்கும் எளிய வழி, அருகலையை விலக்கிப் பார்ப்பதாகும். மடிக்கணினியை லேன் வடத்தால் திசைவியுடன் நேரடியாக இணைக்கவேண்டும். வீட்டிலுள்ள பிற கருவிகளின் இணைப்பைச் சற்று நேரம் துண்டித்துவிட்டு, வேகச் சோதனை செய்யவேண்டும். வடத்தில் வேகம் நிறைவாகவும் அருகலையில் குறைவாகவும் இருப்பின், குறை வீட்டுக்குள்ளே காற்றில் நிகழ்கிறது. வடத்திலும் குறைவாக இருப்பின், வடத்தையோ திசைவியையோ அதற்கு அப்பாலுள்ள வழியையோ ஆராயவேண்டும்.

வடமும் ஐயத்துக்கு அப்பாற்பட்டதன்று. அதனுள் எட்டுக் கம்பிகள் உள்ளன. நொடிக்கு 100 மெகாபிட் இணைப்புக்கு நான்கு கம்பிகள் போதும். 1000 மெகாபிட் இணைப்புக்கு எட்டும் தேவை. ஆதலால், 300 மெகாபிட் திட்டமுள்ள வீட்டில் சோதனை எப்போதும் 94 அல்லது 95 எனவே காட்டுமாயின், வடத்தில் ஒரு கம்பி அறுந்திருக்கலாம். அல்லது இரு கருவிகளுள் ஒன்றின் இணைப்பு முனை 100 மெகாபிட் வகையைச் சேர்ந்ததாக இருக்கலாம். வேறொரு வடத்தை மாற்றிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

காற்றில் நிகழும் இழப்பு

அருகலை பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்னும் இரு அலைப்பட்டைகளில் இயங்குகிறது. முன்னது சுவர்களைக் கடந்து நெடுந்தொலைவு செல்லும். ஆயினும் வேகம் குறைவு. பின்னது விரைவானது, ஆயினும் சுவர்களைக் கடக்கையில் விரைவில் வலுவிழக்கும். திசைவி இருக்கும் அறையில் 5 கிகாஹெர்ட்ஸும், தொலைவிலுள்ள அறையில் 2.4 கிகாஹெர்ட்ஸும் ஏற்றவை.

உலோகம் இவ்வலைகளைத் திருப்பியனுப்பும். நீர் அவற்றை உறிஞ்சும். இரும்பு பீரோவின் பின்னாலும், மீன்தொட்டியின் அருகிலும், தரையின் மூலையிலும் திசைவியை வைப்பது விளக்கைக் குடத்துக்குள் வைப்பதற்கு ஒப்பாகும். வீட்டின் நடுப்பகுதியில், உயரமான திறந்த தட்டில் வைப்பதே நன்று. நுண்ணலை அடுப்பும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அளவிலேயே இயங்குவதால், சமைக்கும் நேரத்தில் மட்டும் இணையம் தடுமாறுவதுண்டு.

அடுக்குமாடிக் குடியிருப்புகளில் மற்றொரு சிக்கல் உண்டு. 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் ஒன்றன்மேல் ஒன்று படியாத தடங்களாக 1, 6, 11 ஆகிய மூன்றே பயன்படுகின்றன. அண்டை வீட்டுத் திசைவிகள் பலவும் ஒரே தடத்தில் பேசினால், ஒன்று பேசும்போது மற்றவை காத்திருக்கும். நெரிசல் குறைந்த தடத்துக்கு மாறுவது பயன் தரும். வலுவற்ற கடவுச்சொல்லால் பிறர் நம் இணைப்பைப் பயன்படுத்துகின்றனரா என்பதையும், திசைவியின் அமைப்புப் பக்கத்தில் உள்ள கருவிகளின் பட்டியலைக்கொண்டு அறியலாம்.

திசைவியின் நோய்கள்

திசைவி தன் நிலையை விளக்குகளால் தெரிவிக்கிறது. ஒளியிழை இணைப்பில் 'எல்ஓஎஸ்' என்னும் விளக்கு சிவப்பாக எரிந்தால், ஒளி வீட்டை வந்தடையவில்லை என்பது பொருள். ஒளியிழை எங்கேனும் அறுந்திருக்கலாம்; அல்லது கூர்மையாக மடிந்திருக்கலாம். அந்நிலையில் திசைவியை எத்தனை முறை அணைத்து ஏற்றினாலும் பயனில்லை. ஒளியிழையின் முனையைக் கழற்றி அதனுள் கண்ணால் பார்ப்பது ஆகாது. அவ்வொளி கண்ணுக்குப் புலப்படாதது, ஆயினும் ஊறு செய்யக்கூடியது.

விளக்குகள் அனைத்தும் அணைந்து தாமாகவே மீண்டும் எரிந்தால், மின்சாரம் வழங்கும் அடாப்டரை ஐயுறவேண்டும். அதனுள் உள்ள மின்தேக்கிகள் ஆண்டுகள் செல்லச் செல்லத் திறன் இழக்கின்றன. திசைவியின் அடிப்புறத்தில் அச்சிட்டுள்ள வோல்ட், ஆம்பியர் அளவுகளுக்கும் முனைக்கும் பொருந்தும் அடாப்டரை மாற்றினாலே பல திசைவிகள் நலம்பெறும். காற்றோட்டமின்றி வெப்பம் மிகுவதும், துணியால் மூடிவைப்பதும் இத்தகைய தடுமாற்றத்துக்குக் காரணங்களாகும்.

திசைவியை அணைத்து அரை நிமிடம் கழித்து ஏற்றுவது தீங்கற்ற முதலுதவி. ஊசியால் அழுத்தும் மீட்டமைப்புப் பொத்தானோ வேறு வகையானது. அது சேவை நிறுவனம் இட்ட பயனர் பெயர் முதலிய அமைப்புகள் அனைத்தையும் அழித்துவிடலாம். அவ்விவரங்களைக் குறித்துவைக்காமல் அதனைத் தொடலாகாது.

வீட்டுக்கு வெளியே

இரவு எட்டு மணிக்கு மட்டும் வேகம் குறைந்து, விடியற்காலையில் நிறைவாக இருப்பின், குறை பெரும்பாலும் வெளியே உள்ளது. ஓர் ஒளியிழையின் ஒளியைப் பிரித்து 32 அல்லது 64 வீடுகளுக்கு வழங்குவது வழக்கம். எல்லாரும் ஒரே நேரத்தில் பயன்படுத்தினால் பங்கு குறையக்கூடும். இன்னும் தொலைவிலும் குறை நேரலாம். 2008ஆம் ஆண்டு சனவரி இறுதியில் எகிப்தின் அலெக்சாந்திரியா அருகே கடலடி வடங்கள் அறுந்தபோது, இந்தியாவிலும் இணையம் மெதுவானது. அன்று எந்த வீட்டிலும் திசைவியை மாற்றிப் பயன் இருந்திருக்காது.

வெளிக்குறையை நாம் நீக்க இயலாது. ஆயினும் சான்றுடன் முறையிடலாம். வடத்தால் இணைத்துச் செய்த சோதனையின் நாள், நேரம், வேகம் ஆகியவற்றை ஒரு வாரம் குறித்துவைத்தால், 'உங்கள் ரவுட்டரைப் பாருங்கள்' என்னும் மறுமொழிக்கு அங்கு இடமிராது. முறையீட்டு எண்ணைக் கேட்டுப் பெறுதல் வேண்டும். நிறுவனத்தின் முறையீட்டு மையம் தீர்க்காவிடில், அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டு அலுவலரிடம் செல்லத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2012ஆம் ஆண்டு விதிமுறைகள் வழிசெய்துள்ளன.

தெளிந்தபின் தீர்வு

மீண்டும் அம்மாணவியின் வீட்டுக்கு வருவோம். அவள் முதலில் தாயின் திறன்பேசியில் உள்ள செல்பேசி இணையத்தைக்கொண்டு விண்ணப்பத்தை அனுப்பி முடித்தாள். காலக்கெடு காத்திருக்காது, குறையைத் தேடும் பணி காத்திருக்கும். பின்னர் மடிக்கணினியை வடத்தால் இணைத்தாள். வேகம் 94 மெகாபிட் எனக் காட்டியது. வெளியிலிருந்து வரவேண்டியது முறையாக வருகிறது. திசைவியும் அதனைத் தடையின்றிக் கடத்துகிறது. குறை காற்றில்தான் உள்ளது. சென்ற மாதம் அறையை ஒழுங்குபடுத்தியபோது, திசைவியின் முன்னால் இரும்பு பீரோவை நகர்த்தி வைத்தது அப்போதுதான் அனைவருக்கும் நினைவுக்கு வந்தது.

திசைவியைக் கூடத்தின் உயர்ந்த தட்டுக்கு மாற்றினர். உயர்ந்த திட்டத்துக்கும் புதிய திசைவிக்கும் செலவாகவிருந்த பணம் மிஞ்சியது. அதைவிடப் பெரிய பயன் ஒன்றும் உண்டு. தம் வீட்டுக் கருவியைக் கண்டு அஞ்சிப் பிறரை எதிர்பார்த்திருந்த நிலை மாறி, பிரித்துப் பார்த்து, அளந்து, காரணம் கண்டு தீர்க்கும் துணிவு அவர்களுக்குக் கிடைத்தது. அத்துணிவு திசைவி ஒன்றோடு நின்றுவிடுவதன்று.