கைக்கடிகாரக் கண்ணாடி: எதைத் தேர்ந்தெடுப்பது?

கைக்கடிகாரம் வாங்கச் செல்வோர் அதன் பெயரையும் பட்டையையும் விலையையும் ஆராய்கின்றனர். முட்களைக் காத்து நிற்கும் கண்ணாடி எதனால் ஆனது என்று கேட்போர் சிலரே. ஆயினும் கதவிலும் சுவரிலும் முதலில் இடிபடுவது அக்கண்ணாடிதான் அன்றோ?

இக்கண்ணாடி பெரும்பாலும் மூவகைப்படும். முதலாவது, அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். இரண்டாவது, மினரல் கிளாஸ் எனப்படும் உண்மைக் கண்ணாடி. மூன்றாவது, சஃபையர் என்னும் செயற்கை நீலக்கல். அலுமினிய ஆக்சைடுத் தூளை 2,000 பாகை செல்சியசுக்கு மேல் உருக்கி இதை வளர்க்கும் முறையைப் பிரெஞ்சு வேதியியலார் வெர்னாய் 1902-இல் அறிவித்தார். பெயரில் நீலம் இருப்பினும், தூய நிலையில் இதற்கு நிறமில்லை.

பொருள்களின் கடினத்தை அளக்க மோஸ் அளவை என ஒன்று உண்டு. அதில் வைரத்திற்கு 10, நீலக்கல்லுக்கு 9, கண்ணாடிக்கு ஏறத்தாழ 6, அக்ரிலிக் அதனினும் மிகத் தாழ்ந்தது. மணலிலுள்ள குவார்ட்சுக்கோ 7. தில்லியிலும் இராஜஸ்தானத்திலும் கோடைப் புழுதிக் காற்றில் வாழும் நம்மவர் இதை உணர்தல் நலம். அப்புழுதியைச் சட்டை நுனியால் துடைத்தாலே கண்ணாடியில் கீறல் விழும், நீலக்கல்லில் விழாது.

அப்படியானால் நீலக்கல்லே எவர்க்கும் உகந்ததா? அன்று. கீறலைத் தாங்குவது வேறு. அடியைத் தாங்குவது வேறு. பலத்த அடி பட்டால் நீலக்கல் சிதறும்; அதன் துகள்கள் உள்ளே புகுந்து இயந்திரத்தைக் கெடுக்கும். அக்ரிலிக்கோ விரிசல் விடுமேயன்றி எளிதில் சிதறாது. 1969-இல் சந்திரனுக்குச் சென்ற அப்போலோ 11 வீரர்களின் ஒமேகா கடிகாரங்களில் இருந்ததும் இத்தகைய பிளாஸ்டிக்கே. மேலும், நீலக்கல் ஒளியை மிகுதியாகப் பிரதிபலிக்கும். பூச்சு இல்லையெனில் வெயிலில் மணி பார்ப்பது சற்றுக் கடினம்.

ஆகவே, அவரவர் தொழிலுக்கேற்பத் தேர்ந்தெடுப்பதே முறை. மேசையில் அமர்ந்து பணியாற்றுவோர்க்கும் புழுதியில் நடமாடுவோர்க்கும் நீலக்கல் தகும். பட்டறையில் சுத்தியல் பிடிப்போர்க்கு அக்ரிலிக் தகும். விலை குறைவாகவும் கீறல் ஓரளவு குறைவாகவும் வேண்டுவோர் மினரல் கிளாஸை நாடலாம். அதில் ஆழ்ந்த கீறல் விழுந்தால் மாற்றுவதே எளிய வழி.

தந்தையார் விட்டுச்சென்ற எச்.எம்.டி. ஜனதா போன்ற பழைய கடிகாரத்தைப் பெட்டியில் வைத்திருப்போர் பலர். அதன் கண்ணாடி அக்ரிலிக். மங்கியிருந்தால் மெருகுப் பசையிட்டு மென்துணியால் தேய்த்தாலே பெரும்பாலும் தெளியும். தேய்ந்து போயிற்றெனக் கருதி அதைக் கழித்துவிட வேண்டியதில்லை.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. நீலக்கல் பூச்சு மட்டும் இட்ட கண்ணாடியும் கடைகளில் உண்டு. அது முழு நீலக்கல் ஆகாது. எது என்பதைக் கேட்டறிந்து, ரசீதில் எழுதி வாங்கிய பின்னரே பணம் கொடுங்கள்.