ஏர்லூம்: வாரிசும் கருவியும்



ஆரணி என்றதும் நினைவுக்கு வருபவை அரிசியும் பட்டும். ஏரும் தறியும் வளர்த்த ஊர் அது. ஹேண்ட்லூம், பவர்லூம் என்று அன்றாடம் பேசும் அவ்வூர் மக்கள் 'ஏர்லூம்' என்ற ஆங்கிலச் சொல்லைக் கேட்டால், அதுவும் ஒரு வகைத் தறியோ என்று எண்ணக்கூடும். அகராதியோ அதற்கு 'பரம்பரையாக வரும் பொருள்' என்று பொருள் சொல்கிறது. பாட்டியின் நகையும் தாத்தாவின் கடிகாரமும் இன்று ஏர்லூம்தான். அப்படியானால் தறி எங்கிருந்து வந்தது?

இங்கே 'ஏர்' நம் கலப்பை அல்ல, வாரிசு. 'ஹேரெஸ்' என்ற இலத்தீன் சொல் பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்தில் நுழைந்து இப்படி ஆனது. 'லூம்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல். பழைய ஆங்கிலத்தில் அது 'யெலோமா'. எந்தக் கருவியையும் அது குறித்தது. பிற்காலத்தில்தான் அச்சொல் சுருங்கி, நெசவுத் தறிக்கு மட்டும் பெயராயிற்று. தமிழிலும் இப்படி ஒன்று உண்டு. யானையைக் கட்டும் கம்பமும் தறிதான், நெய்யும் தறியும் தறிதான்.

வாரிசு, கருவி ஆகிய இரு சொற்களும் 15ஆம் நூற்றாண்டில் இணைந்தன. வீட்டுக்குரியவர் இறந்தால், வழக்கப்படி சில பொருள்கள் வீட்டோடு சேர்ந்து வாரிசுக்கே போகும். அவைதாம் ஏர்லூம். உயில் எழுதிக்கூட அவற்றைப் பிறருக்குக் கொடுக்க இயலாது. ஆனால் உயிரோடிருக்கும்போது அவர் அவற்றை விற்கலாம், சட்டம் தடுக்காது. ஆக, ஒரு பொருள் அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேருமா என்பது உயிரோடிருப்பவர் கையில்தான் இருந்தது.

புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் கதையும் இதுதான். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள் படித்து, சென்னைக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறார்கள். அது குற்றமல்ல, பிள்ளைகளாவது தறிக்குழியிலிருந்து கரையேறட்டும் என்று பெற்றோரே விரும்புவதுண்டு. ஆனால் பாவு பிணைக்கவும், அறுந்த இழையைக் கண்டு முடியவும், நாடா வீசவும் கற்ற கை ஓய்ந்துவிட்டால், மிஞ்சுவது மரச்சட்டம் மட்டுமே. வாரிசு இல்லாத கருவி வெறும் விறகு.

ஏர்லூம் என்ற சொல்லில் முதலில் நிற்பது பொருள் அல்ல, வாரிசு. நாம் பிள்ளைகளுக்கு வீடும் நகையும் சேர்க்கிறோம். நம் கைத்தொழிலை, நமக்குத் தெரிந்ததை, அருகில் உட்கார வைத்து ஒருநாளாவது சொல்லிக் கொடுத்திருக்கிறோமா? அவர்கள் அதையே பிழைப்பாகக் கொள்ள வேண்டியதில்லை. தெரிந்து வைத்திருந்தாலே போதும். சற்றே சிந்திப்போம்.