துண்டுகளைக் காக்கும் கணுக்கள்

இணையத்தில் ஒருவர் சேமிக்கும் நிழற்படம் பெரும்பாலும் ஒரு நிறுவனத்தின் தரவு மையத்தில் தங்குகிறது. பரவல்முறை மேகச் சேமிப்போ, உலகெங்கும் உள்ள பலருடைய கணினிகளில் எஞ்சியிருக்கும் இடத்தைப் பயன்படுத்துகிறது. அத்தகைய கணினி ஒவ்வொன்றும் ‘கணு’ எனப்படும்.

கோப்பு துண்டாதல்

ஸ்டோர்ஜ் என்னும் வலையமைப்பு இதற்குத் தக்க சான்றாகும். இதில் கோப்பானது பயனரின் கணினியிலேயே 64 மெகாபைட்டுக்கு மிகாத பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு மறையாக்கம் செய்யப்படும். இவ்வலையமைப்பு நெடுங்காலம் கையாண்ட முறையில், ஒவ்வொரு பகுதியும் 80 துண்டுகளாகி வெவ்வேறு கணுக்களைச் சென்றடையும். அவற்றுள் எவையேனும் 29 துண்டுகள் கிடைத்தாலே அப்பகுதி முழுமையாக மீளும்.

தாளா? பேரேடா?

கணு தன்னிடம் வரும் துண்டுகளை இருவகையில் சேமிக்கலாம். முதல் வகையில் ஒவ்வொரு துண்டும் தனிக் கோப்பாகும். இஃது எளிது, ஒரு கோப்பு பழுதுற்றாலும் ஏனையவை பாதிப்பதில்லை. ஆயினும், கோப்புகள் பெருகும்போது இடர் தோன்றுகிறது. சுழலும் வன்தட்டு ஒரு விநாடியில் ஏறத்தாழ 100 இடங்களையே தேடிப் படிக்க இயலும். ஒரு கோடிக் கோப்புகளை ஒருமுறை சரிபார்க்க, கோப்புக்கு ஒரு தேடல் எனக் கொண்டாலும், ஒரு நாளுக்கு மேலாகும். அதுவரை பிற பணிகள் தேங்கும்.

இரண்டாம் வகை பேரேடு எழுதுவதைப் போன்றது. துண்டுகள் ஒரு பெருங்கோப்பின் இறுதியில் வரிசையாகச் சேர்க்கப்படும்; எத்துண்டு எங்குள்ளது என்பதை ஓர் அட்டவணை காட்டும். எழுதுதல் விரைவாகும். ஆனால், நீக்கிய துண்டுகளின் இடத்தை மீட்கப் பெருங்கோப்பையே திருத்தி எழுத வேண்டும். அட்டவணை சிதைந்தால், வட்டில் இருக்கும் துண்டும் எளிதில் அகப்படாது.

தேர்வின் பொறுப்பு

தடங்கள் ஒன்றன்மீது ஒன்று படியும் வகை வன்தட்டுகள் தொடர்ந்து எழுதும்போது மந்தமாகும். எனவே அவை இப்பணிக்கு ஏற்றவையல்ல. வலையமைப்பே மிகைத் துண்டுகளைக் காப்பதால், ஒரே கணுவில் பல வட்டுகளில் படியெடுத்து வைத்தல் தேவையற்றது. வட்டுக்கு ஒரு கணு என்பதே பொருத்தமாகும்.

வலையமைப்பு அவ்வப்போது துண்டுகளைக் கேட்டுக் கணுவைச் சோதிக்கும். பலமுறை தவறும் கணு நிலையாக விலக்கப்படும். அதன் உரிமையாளர் வருவாயை இழப்பார். முகமறியாத ஒருவரின் கோப்பைக் காப்பதற்கு நல்லெண்ணம் மட்டும் போதாது. தக்க சேமிப்பு முறையும் வேண்டும்.